ஜம்போ பை: பி, சி, டி, எதை எடுப்பது?

உலர்ந்த பொடியை ஜம்போ பையில், அதாவது மொத்தமாகப் பொடி அள்ளும் பெரிய துணிச் சாக்கில், நிரப்பும்போதும் கொட்டும்போதும் அது துணியில் உரசி நிலைமின்சாரம் சேர்கிறது. அந்த மின்சாரத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்து இந்தப் பைகள் ஏ, பி, சி, டி என நான்கு வகை. ஏ வகை வெறும் பாலிப்ரொப்பிலீன் துணி, பாதுகாப்பு ஒன்றும் கிடையாது, எரியக்கூடிய பொடி என்றால் அதை மறந்துவிடலாம். போட்டி மற்ற மூன்றுக்கும்தான்.

பி வகைத் துணி 6 கிலோவோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் பையின் பரப்பு முழுவதும் சேர்ந்த மின்னேற்றம் ஒரே அடியாக வெடித்து இறங்கும் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் சின்னச் சின்ன மின்வெளியேற்றங்கள் இருக்கவே செய்யும். பற்றவைக்கக் குறைந்தது 3 மில்லிஜூலுக்கு மேல் சக்தி தேவைப்படும் பொடிக்கு அது போதும், பையைத் தரையோடு கம்பியால் இணைக்கும் எர்த் தொல்லையும் இல்லை. பக்கத்தில் கரைப்பான் ஆவி இருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆவி 1 மில்லிஜூலுக்கும் குறைவிலேயே பற்றிக்கொள்ளும்.

சி வகையில் மின்கடத்தும் இழைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், எர்த் கிளிப்பை மாட்டினால் மின்னேற்றம் உடனே தரைக்குப் போய்விடும். மாட்ட மறந்தால்? அந்த இழைகள் அத்தனையும் மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்து ஒரே தீப்பொறியாகக் கக்கிவிடும். அந்த நிலையில் ஏ வகையைவிட மோசம் என்றே சொல்வேன்.

டி வகைக்குக் கிளிப்பே வேண்டாம், அதன் இழைகள் மின்னேற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் விட்டுவிடும். இதைக் கேட்டதும் அங்கே எதற்குமே எர்த் தேவையில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதுதான் வம்பு. பக்கத்தில் நிற்கும் இரும்பு டிரம், தள்ளுவண்டி, ரப்பர் அடிச் செருப்போடு நிற்கும் ஆள், எல்லாமே அந்த மின்னேற்றத்தை வாங்கிக்கொள்ளும், 10 கிலோவோல்ட் ஏறிய மனித உடலிலிருந்து தெறிக்கும் பொறிக்குச் சில மில்லிஜூல் சக்தி உண்டு. துணியில் எண்ணெயோ தண்ணீரோ பட்டாலும் பையை நம்ப முடியாது.

என்னைக் கேட்டால், எர்த் சரியாக இல்லாவிட்டால் பொடியே இறங்காதபடி இன்டர்லாக் போட்ட இடத்தில் சி. கிளிப் மாட்டுவது ஆளின் ஞாபகத்தை நம்பித்தான் என்றால் டி, ஆனால் சுற்றியுள்ள இரும்புக்கும் ஆட்களுக்கும் எர்த் உறுதியாக வேண்டும். கரைப்பான் வாடையே இல்லாத, எளிதில் பற்றாத பொடிக்கு பி போதும், அங்கே டி வாங்குவது வீண் செலவு.

அப்புறம் லைனர், அதாவது பைக்குள் போடும் உள்ளுறை. சி, டி பைகளுக்குள் சாதாரண பாலித்தீன் லைனரைச் சொருகினால் வாங்கிய பாதுகாப்பு பெரும்பாலும் போச்சு, பையோடு சேர்த்துச் சோதித்த லைனரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.