மாத்திரையா, பேச்சு சிகிச்சையா: அப்பச்சிக்கு நாங்கள் எடுத்த முடிவு

அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இருப்பது ஓசிபிடி (OCPD), எல்லாம் தன் ஒழுங்குப்படியே நடக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கும் ஆளுமைக் கோளாறு என்று மதுரையில் மனநல மருத்துவர் சொன்னதும் வீட்டில் இரண்டு கட்சி. ஆத்தா (அம்மா) மாத்திரைக் கட்சி, நான் பேச்சு சிகிச்சை. கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாயும்.

இது ஓசிடி (OCD) என்னும் எண்ணச் சுழற்சி நோய் இல்லை. திரும்பத் திரும்பக் கை கழுவும் ஓசிடிக்காரருக்கு அது தேவையில்லாதது என்று பெரும்பாலும் தெரியும், அவரே தவிப்பார். ஓசிபிடியில் தவிப்பது பெரும்பாலும் கூட இருப்பவர்கள். ஓசிபிடி உள்ளவருக்குத் தன் ஒழுங்குதான் சரி. கணக்கும் சிக்கனமும் பெருமையாக இருக்கிற செட்டிநாட்டில் இதைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. மங்குச் சட்டியைத் தலைமுறையாக அடுக்கி வைத்திருப்பது நோயில்லை. மொய்க் கணக்கில் ஒரு ரூபாய் உதைக்கிறது என்று சமையல்காரருக்குக் கூலி கொடுக்காமல் விடியவிடியக் கூட்டிக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடான டிஎஸ்எம்-5 சொல்லும் 8 அடையாளங்களில் குறைந்தது 4 இருந்தால்தான் ஓசிபிடி என்பார்கள்.

மாத்திரையில் செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் ஓசிபிடிக்கென்றே அங்கீகரித்த மருந்து கிடையாது. கூட வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் எஸ்எஸ்ஆர்ஐ (SSRI) என்னும் மனச்சோர்வு மருந்து வகை மாத்திரை தருவார்கள். அப்பச்சிக்கு அந்த இரண்டும் இல்லை.

பேச்சு சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். காரைக்குடியிலிருந்து மதுரை போய்வந்தால் ஒரு பகல் போச்சு. ஆகவே கேள்வி ஒன்றுதான்: ஆள் விடாமல் போவாரா? இங்கேதான் அந்தப் பிடிவாதமே கைகொடுத்தது. நேரம் குறித்துக் கொடுத்தால் அப்பச்சி தவற மாட்டார். 'ஆத்தா மடித்த வேட்டியைப் பிரித்து மடிக்கக் கூடாது' என்பது போன்ற வீட்டுப்பாடங்களுக்குப் பேரேட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டு டிக் அடித்தார். ஆலோசகர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அடுத்த வாரம் இரண்டு கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டுட்டு வாங்கய்யா" என்றார். வேட்டியை விட அதற்குத்தான் அப்பச்சி அதிகம் தவித்தார். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. இப்போது வேட்டி பிழைத்தது, பேரேடு இன்னும் இல்லை.

இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அதை எடைபோட மாட்டேன். தூக்கம் கெட்டு, சாவுப் பேச்சு வந்தால் இந்த விவாதமே வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள். ஆள் எதற்கும் வர மறுத்தால் வீட்டார் 14416-க்கு அழைத்துப் பேசலாம். அது டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.