சோபாவை யாரிடம் கொடுப்பது? ஃப்ரீகிள் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

லண்டனில் வீடு மாறுபவர்களை அதிகம் திணறடிக்கும் பொருள் சோபாதான். தானமாக வரும் பழைய பொருள்களை விற்றுத் தொண்டுக்குப் பணம் திரட்டும் சாரிட்டி கடைகள், தீப்பாதுகாப்பு லேபிள் இல்லாத சோபாவை ஏற்பதில்லை. 1988ஆம் ஆண்டின் தீப்பாதுகாப்பு விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துவதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலின் வண்டியை வரவழைத்தால் பெரும்பாலான இடங்களில் கட்டணம் உண்டு. இரவோடு இரவாகத் தெருவோரம் போட்டுவிட்டால் அது குற்றம். அதற்கு மேல், சோபாவின் துணியிலும் நுரையிலும் எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்கள் இருக்கக்கூடும் என்பதால், கழிவாகிவிட்ட சோபாவை 2023 முதல் இங்கிலாந்தில் நிலத்தில் புதைக்க முடியாது, எரித்தாக வேண்டும். ஆகவே இன்னும் பத்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய சோபாவும், யாரோ லேபிளைக் கத்தரித்துவிட்ட ஒரே காரணத்தால் உலைக்குப் போக நேரிடுகிறது. வணிகம் சாராமல் ஒருவர் இன்னொருவருக்கு இலவசமாகக் கொடுப்பதை அந்தத் தீப்பாதுகாப்பு விதிகள் தடுப்பதில்லை. வேண்டாத பொருளை அக்கம்பக்கத்தில் இலவசமாகக் கொடுக்க உதவும் ஃப்ரீகிள் என்ற இணையச் சேவையின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

பயன்படுத்தும் முறை எளிது. பொருளின் படத்தையும் இரண்டு வரி விவரத்தையும் அஞ்சல் குறியீட்டையும் கொடுத்தால், அறிவிப்பு அந்தப் பகுதிக் குழுவுக்குப் போகிறது. நம் முகவரி வெளியே தெரிவதில்லை. யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்த பிறகு, அரட்டைப் பகுதியில் அவருக்கு மட்டும் சொன்னால் போதும். விற்பனைக்கோ பண்டமாற்றுக்கோ இங்கு இடமில்லை. நான் மிகவும் மதிப்பது, முதலில் கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததைத்தான். படம் வெளியான சில நிமிடங்களிலேயே "இருக்கிறதா?" என்று ஒற்றைச் சொல்லில் கேட்பவரை விட்டுவிட்டு, எந்த நாளில், எந்த வண்டியில் வந்து எடுப்பேன் என்று மாலையில் நிதானமாக எழுதுபவரைத் தேர்ந்தெடுக்கலாம். சோபா விஷயத்தில் அந்த இரண்டாமவரே வந்து சேர்பவர்.

வராமல் போகிறவர்கள்தான் இவ்வகைக் குழுக்கள் எல்லாவற்றின் தீராத நோய். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைத்துவிட்டு, ஒரு செய்திகூட அனுப்பாமல் மறைந்துவிடுகிறவர்கள் உண்டு. காசு கொடுக்காத பொருளுக்கு வாக்குத் தவறினால் நட்டமில்லை என்ற எண்ணமே காரணம் என்று நினைக்கிறேன். இன்னாருக்குத் தருவதாக உறுதியளித்ததைக் குறிக்கும் வசதியும், நடந்துகொண்ட விதத்துக்குக் கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ மதிப்பிடும் வசதியும் ஃப்ரீகிளில் உள்ளன. நோயை இவை குணமாக்குவதில்லை, ஓரளவு தணிக்கின்றன. இரண்டாவதாகக் கேட்டவரிடம் "அவர் வராவிட்டால் உங்களுக்குத்தான்" என்று சொல்லி வைப்பது இவற்றைவிட நன்றாக வேலை செய்கிறது.

இந்த ஏற்பாடு முதலில் தோன்றியது அமெரிக்காவில். 2003 மே மாதத்தில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் டெரான் பீல் என்பவர் நண்பர்கள் சிலருக்கும் சில தொண்டு அமைப்புகளுக்கும் அனுப்பிய ஒரு மின்னஞ்சலே, இதேபோல் பொருள்களை இலவசமாகக் கைமாற்றும் ஃப்ரீசைக்கிள் என்ற அமைப்பு ஆயிற்று. அது பல நாடுகளுக்குப் பரவிய பின், தலைமை அமெரிக்காவிலிருந்து நடத்தும் விதத்தோடு பிரிட்டனின் குழு நடத்துநர்கள் பலர் முரண்பட்டு, 2009இல் வெளியேறி ஃப்ரீகிளைத் தொடங்கினார்கள். இன்றும் உள்ளூர்த் தன்னார்வலர்களே குழுக்களைக் கவனித்துக்கொள்கிறார்கள். ஃப்ரீசைக்கிள் பிரிட்டனிலும் தொடர்கிறது. ஆனால் 2023இல் அதன் பயனர்கள் சுமார் 70 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் குறியாக்கப்பட்ட கடவுச்சொற்களும் திருடுபோயின. பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் அதே கடவுச்சொல்லை வேறு எங்கும் வைத்திருக்கக் கூடாது.

மூன்றாவது வழியான பை நத்திங், 2013இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் இரண்டு பெண்கள் தொடங்கியது. ஃபேஸ்புக் குழுக்களாக வளர்ந்த அதில், பொருள் கைமாறுவதைவிட அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே முதல் நோக்கம். அதனால், நாம் வசிக்கும் பகுதியின் குழுவில் மட்டுமே சேர வேண்டும் என்பது அதன் பழைய விதி. குழந்தைத் துணி, பூச்செடி, மிகுந்துபோன சாப்பாட்டுச் சாமான் போன்றவற்றுக்கு அந்த நெருக்கம் இனிமையானது. வண்டி வைத்திருப்பவர் நான்கு தெரு தள்ளி இருந்தாலும் பரவாயில்லை என்று நினைக்க வைக்கும் அலமாரிக்கும் சோபாவுக்கும் அந்த வட்டம் சிறியது.

மின்சாரப் பொருள்களிலும் ஃப்ரீகிள் கை கொடுக்கிறது, ஏனெனில் பாதுகாப்புச் சோதனை செய்ய வசதியில்லாத சாரிட்டி கடைகள் அவற்றை வாங்குவதில்லை. ஊரிலிருந்து வந்த கிரைண்டரைக்கூட அறிவிக்கலாம்; பிரிட்டனிலும் 230 வோல்ட்தான், பிளக்கை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழர்கள் அதிகம் வாழும் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் அதற்கு விளக்கம் எழுதத் தேவையிராது. மற்ற இடங்களில் இட்லி மாவு அரைக்கும் கருவி என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. பழுது இருந்தால் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உதிரி பாகங்களுக்காகவே தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மடிக்கணினியையும் கைபேசியையும் கொடுக்கும் முன் கணக்குகளிலிருந்து வெளியேறித் தரவை முழுவதும் அழிப்பது கொடுப்பவரின் வேலை. அதை எந்தத் தன்னார்வலரும் நமக்காகச் செய்து தரப்போவதில்லை.