விவாகரத்து வழக்கு முடியும்வரை வண்டியைக் காப்பது எப்படி: கடிதமா, ஒப்பந்தமா, கோர்ட் தடையா?

திருமங்கலம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பெயரில் ஒரு டாடா ஏஸ், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றிப் போகிற வண்டி. அதற்கு முன்பணம் வந்தது மனைவியின் நகையை அடகு வைத்து. மனைவி பெயரில் ஒரு ஸ்கூட்டர், ஆனால் ஓட்டுவது கணவரின் தம்பி. இப்போது விவாகரத்து மனு போட்டாயிற்று. இரண்டு வண்டிக்கும் ஆபத்து இருக்கிறது, ஆனால் ஒரே மாதிரி ஆபத்து இல்லை.

திருமணத்துக்குப் பிறகு வாங்கியதெல்லாம் ஆளுக்குப் பாதி என்று நம் சட்டம் சொல்வதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்யாணத்தை ஒட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்சி எனப்படும் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். அதனால் பெயர் இல்லாதவருக்கு, வண்டியை விற்றுவிடுவார்களோ என்ற பயம். பெயர் உள்ளவருக்கு, வேறொருவர் ஓட்டி விபத்தானால் பழி தன் தலையில் விழுமே என்ற பயம். இந்த இரண்டாவது பயத்தைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. வண்டியை விற்றுக் கைமாறிய பிறகும், பெயர் மாற்றாதவரை பதிவில் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தம்பிக்கு லைசென்ஸ் இல்லையென்றால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரைத் தன் பெயரில் வைத்திருக்கும் மனைவியிடம் வசூலிக்க வரலாம்.

சரி, வழிகளைப் பார்ப்போம். முதலில் பலரும் செய்வது, பெயர் மாற்றக் கூடாது என்று ஆர்டிஓ ஆபீஸில் ஓர் ஆட்சேபக் கடிதம் கொடுப்பது. மதுரையில் டிஎன் 58, 59, 64 என்று வண்டி எங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கே கொடுக்க வேண்டும். செலவு இல்லை, ஒரே நாளில் முடியும். ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாத வெறும் கடிதத்தை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. டியூ ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அதைவிடப் பலமான பூட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: ஃபைனான்ஸ் கம்பெனி எழுத்து மூலம் சம்மதிக்காமல் பெயர் மாற்ற முடியாது. அதனால் வழக்கு நடக்கும்போது, ஆர்சியில் பெயர் இல்லாதவர் தன் பணத்தைப் போட்டு லோனை அவசரமாக முடித்துக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. லோன் முடிந்து, ஆட்சேபம் இல்லை என்று ஃபைனான்ஸ் கம்பெனி தரும் என்ஓசி வந்துவிட்டால் அந்தப் பூட்டும் போய்விடும்.

இருவருக்கும் இன்னும் பேச்சு இருந்தால் எழுத்து ஒப்பந்தம்தான் நல்லது. யார் ஓட்டுவது, டியூவும் இன்சூரன்ஸும் யார் கட்டுவது, அபராதம் வந்தால் யாருடையது, விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்பது, எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முத்திரைத்தாளில் எழுதி பீரோவில் வைப்பதைவிட, கூட்டு மனுவாகக் கோர்ட்டில் பதிவு செய்வது எவ்வளவோ மேல். இல்லாவிட்டால் ஒருவர் மீறும்போது புதிதாக ஒரு வழக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பேச்சே இல்லையென்றால் குடும்ப நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தம்பதியின் சொத்துத் தகராறையும் தடை உத்தரவையும் அந்த நீதிமன்றத்திடம்தான் விட்டிருக்கிறது. எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும். அடகு ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், டியூ கட்டிய கணக்கு, இவைதான் மனுவுக்கு உயிர். கேட்பதிலும் நிதானம் வேண்டும். விற்காதே, அடகு வைக்காதே, பெயர் மாற்றாதே என்று கேட்கலாம். வண்டியை ஓட்டவே கூடாது என்று கேட்டால் பூ ஏற்றி வரும் வருமானம் நின்று, டியூ தவறி, கடைசியில் ஃபைனான்ஸ்காரர் தூக்கிப் போவார். இருவருக்கும் இல்லாமல் போகும். உத்தரவை மீறினால் சொத்து ஜப்தி, மூன்று மாதம்வரை சிவில் சிறை.

குடும்ப வன்முறையும் நடந்திருந்தால் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட வேகமானது. வீட்டுச் சொத்தை விற்றுத் தீர்ப்பதும் பொருளாதாரக் கொடுமையாகவே அதில் வருகிறது. எதிர்த் தரப்பைக் கேட்காமலேயே மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். நடக்காததை நடந்ததாகச் சொல்லி இந்த வழிக்குப் போவது மட்டும் தவறு. இரவோடு இரவாக டூப்ளிகேட் சாவி போட்டு வண்டியை எடுத்து வருவதும் வேண்டாம். திருட்டுப் புகார்தான் வந்து சேரும்.

ஆக, அந்த டாடா ஏஸுக்கு நான் சொல்வது கோர்ட் தடை. ஸ்கூட்டரை மனைவி எழுத்து மூலம் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது முறைப்படி பெயர் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை இன்சூரன்ஸை விட்டுவிடக் கூடாது. போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் தன் செல் நம்பரைப் பதிந்து வைத்தால் அபராதச் செய்தி தனக்கே வரும். அப்புறம், தடை உத்தரவு கைக்கு வந்ததும் சான்றிட்ட நகலை ஆர்டிஓவுக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் கொடுத்து, கையெழுத்தோடு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.