மான் வேட்டைக்கு ஈயச் சன்னமா, செப்புச் சன்னமா?

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு மான் வேட்டையா என்று சிரிக்காதீர்கள். இங்கே மானும் மரையும் 1937ஆம் ஆண்டு வனவிலங்குக் கட்டளைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, சுட்டால் நீதிமன்றம்தான். இது கனடாவில் உரிமத்தோடு வேட்டைக்குப் போகும் என் மச்சானுக்காக.

அவனுடையது .308 ரைபிள். பழைய பழக்கம் ஈயச் சன்னம், மேலே மெல்லிய செப்பு உறை. விலை குறைவு. மென்மையான உலோகம் என்பதால் தூரம் போய் வேகம் குறைந்தாலும் உடலுக்குள் நன்றாக விரியும். சிக்கல் அதே மென்மையில்தான். எலும்பில் பட்டால் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைத் தாண்டியும் இறைச்சிக்குள் போய்விடும். அரைத்த இறைச்சியில் அதை யார் பொறுக்குவது? வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு. எச்சத்தைத் தின்னும் கழுகுகளும் நஞ்சாகிச் சாகின்றன. கலிபோர்னியாவில் 2019 யூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

முழுச் செப்பு சிதறாது. மானுக்குள்ளிருந்து எடுத்த ஒன்றைப் படம் அனுப்பினான்: செவ்வரத்தம் பூ மாதிரி இதழ் விரித்து, எடை அநேகமாக அப்படியே. ஆனால் விரிய வேகம் வேண்டும். அதனால் 165 கிரெயின் (சன்னத்தின் எடை அளவு) ஈயம் போட்ட இடத்தில், இன்னும் வேகமாகப் போகும் இலேசான 150 போடுவது நல்லது. விலையும் கூட. மாற்றினால் குறியை மறுபடி சரிபார்க்கவும் வேண்டும்.

மிக நீண்ட தூரம் சுடுகிறவர் யோசிக்கலாம். மச்சான் 150 யார் தூரத்துக்குள்தான் சுடுகிறான். அவனுக்குச் செப்பு என்றேன். "காசு நீ தாறியா?" என்றான்.