செட்டிநாட்டுக் குறும்படத்துக்கு எந்த போஸ்டர்: ஃப்ரேமா, ஸ்டில்லா, ஓவியமா?

காரைக்குடிப் பக்கம் மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களின் போஸ்டர்களைப் பார்த்தால் பல நேரம் கதை தெரியாது, வீடுதான் தெரியும். தேக்குத் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல், வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழும் வெயில். சுற்றுலா விளம்பரம் என்று சொன்னாலும் நம்பலாம். 1940களில் ஏ.வி.எம். ஸ்டூடியோவே இயங்கிய ஊர் இது. இங்கே எடுக்கிற படத்துக்கு இதைவிட நல்ல போஸ்டர் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வழி மூன்று: படத்திலிருந்தே ஒரு ஃப்ரேமை எடுப்பது, போஸ்டருக்கென்று தனியாக ஸ்டில் எடுப்பது, வரைவது.

ஃப்ரேம்தான் சுலபம். எடிட்டிங் டைம்லைனில் நிறுத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், நடிகரை மறுபடி கூப்பிட வேண்டாம். ஆனால் கணக்கு உதைக்கும். ஃபுல் எச்.டி. ஃப்ரேம் 1920 x 1080 பிக்சல். அது படுக்கை வசம், போஸ்டரோ நெட்டுக்குத்து. ஏ3 அளவுக்கு வெட்டினால் அகலத்தில் சுமார் 764 பிக்சல்தான் மிஞ்சும். ஏ3 தாளின் அகலம் 297 மி.மீ., ஆக அங்குலத்துக்கு 65 புள்ளி. நல்ல அச்சுக்கு 300 கேட்பார்கள். நீளமும் அகலமும் இரண்டு மடங்கான 4கே-யில் எடுத்திருந்தாலும் 130-ஐத்தான் தொடும். போதாக்குறைக்கு, ஆள் நடக்கும்போது பிடித்த ஃப்ரேமில் கை கலங்கியிருக்கும். ஓடும் படத்தில் தெரியாத அது தாளில் நன்றாகத் தெரியும். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் என்றால் சரி, 1080 x 1350 போதும், ஃப்ரேமை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கல்லூரிச் சுவரில் ஒட்டுவதற்கு வேண்டாம்.

ஸ்டில்லுக்கு 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் 4000 x 6000 பிக்சல் கிடைக்கும், ஏ3-க்குத் தாராளம். உடையும் மேக்கப்பும் கலைவதற்குள், ஷூட்டிங் நாளிலேயே அரை மணி நேரம் ஒதுக்கிவிட வேண்டும். 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று விட்டால் அந்த அப்புறம் வரவே வராது. பங்காளிகள் பல பேருக்குச் சொந்தமான வீட்டில் இன்னொரு நாள் சாவி கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை.

வெளிச்சம்தான் இங்கே பெரிய விஷயம். வளவு நடுவில் வானம் பார்த்துத் திறந்திருக்கும், சுற்றுத் தாழ்வாரம் இருட்டு. உச்சி வெயிலில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, வளவுக்கு ஏற்ப வைத்தால் தூணோரம் நிற்கிறவர் கறுத்துப்போவார். அவர் முகத்துக்கு வைத்தால் வளவு வெளுத்துவிடும். வெயில் நேராக இறங்காத காலையிலோ மாலையிலோ, ஆளைத் தாழ்வார விளிம்புக்குக் கொண்டுவந்து வளவைப் பார்க்க நிறுத்தினால் முகத்தில் மெதுவான வெளிச்சம் பரவும். கேமரா வளவுப் பக்கம் இருக்கட்டும். பின்னால் வீடு தானாக இருட்டில் ஒதுங்கிக்கொள்ளும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். அப்பத்தா தன் சாமான்களை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்கு விற்கிறாள். போஸ்டரில் அரண்மனை மாதிரி முகப்பு எதற்கு? பெயரெழுத்து வெட்டிய ஒரு பித்தளைத் தூக்கு, அந்த எழுத்தின் மேல் அப்பத்தாவின் பெருவிரல். கிட்டப் போய் அதை எடுத்தால் கதை மொத்தமும் அதில் வந்துவிடும்.

வரைவதில் வேறு வசதி: வேண்டாததை எல்லாம் எடுத்துவிடலாம். ஆத்தங்குடிக் கல்லையே பாருங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கட்டம் கட்டமாக ஊற்றிச் செய்வது. அதனால் ஒவ்வொரு நிறமும் தட்டையாக, தனித்தனியாக நிற்கும். அரக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று இரண்டு மூன்று நிறத்தோடு நிறுத்துகிற ஓவியத்துக்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் இல்லை. கல்லின் பூவை அப்படியே பார்டராக ஒட்டாதீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நிறத்தை மட்டும் எடுங்கள். அதே நேரம், கைவசம் வரைகிற ஆள் இல்லாமல் போட்டோவை ஃபில்டரில் போட்டு ஓவியமாக்குவது இரண்டும் கெட்டான் வேலை.

என் கணிப்பு இது. நடிப்பை நம்பிய படத்துக்கு ஸ்டில். பழைய காலம், கனவு, வீடே பாத்திரமாக வருகிற கதை என்றால் ஓவியம். முடிவு எடுக்க முடியவில்லை என்றால் ஸ்டில்லுக்கே போங்கள், மாணவர் கைக்கு அதுதான் அடங்கும்.

எந்த வழியில் போனாலும் தலைப்பு எழுத்தில் கோட்டை விடக்கூடாது. போட்டோஷாப்பின் பழைய பதிப்பில் யூனிகோட் தமிழ் அடித்து, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகச் சிதறினால், டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் பயந்து, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினிக்கு ஓட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் தலைப்பைக் கையாலேயே எழுதலாம்: தாளில் பிரஷ்ஷும் கறுப்பு மையுமாக, திருப்தி வரும்வரை எழுதி, நல்லதை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு போஸ்டரை வாட்ஸ்ஆப்பில் நண்பருக்கு அனுப்பி, திறக்காமலே தலைப்பைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்க முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், நன்றி வரிசையைச் சுருக்குங்கள்.