முடங்கிய தொடையும் ஓர் இலவச அகராதியும்

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுப் பலகை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆட்டுக்குட்டித் தொடை இறைச்சிக்கு நோர்வேஜிய மொழியில் 'லம்மெலோர்' என்று ஒரே சொல். நான் 'லம்மெ லோர்' என்று நடுவில் இடம் விட்டுவிட்டேன். சக்கர நாற்காலியில் இருந்த தாத்தா வாசித்துவிட்டுத் தன் காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். பிரித்து எழுதினால் 'முடங்கிய தொடைகள்'!

அன்றிரவுதான் புக்மோல் அகராதியைக் கைப்பேசியில் இறக்கினேன். நோர்வேஜிய மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள்: புக்மோல் ஒன்று, நீநொஷ்க் மற்றொன்று. பேர்கன் பல்கலைக்கழகமும் அரசின் மொழி மன்றமும் நடத்துவது. காசு இல்லை. நீநொஷ்க் அகராதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. 'லம்' என்று தட்டினால் ஆட்டுக்குட்டி ஒரு பதிவு, முடக்கம் இன்னொரு பதிவு.

எனக்குப் பிடித்தது சொல்லின் பிறப்பைச் சொல்லும் பகுதி. ஜன்னலுக்கு நோர்வேஜிய மொழியில் 'விண்டு'. நோர்வேஜிய மொழியின் மூதாதையான பழைய நோர்ஸில் அது 'விண்ட்-அவுகா', காற்றின் கண். சிலப்பதிகாரத்தின் 'மான்கண் காலதர்' உடனே நினைவுக்கு வந்தது. காலதர் என்றால் காற்று வரும் வழி. அங்கேயும் ஒரு கண்.

வேர் தெரிந்தால் சொல்லை எங்கே வெட்டுவது என்பதும் தெரியும். முன்பு காசு கட்டி வாங்கிய ஒரு செயலி, தொழிலாளி என்ற சொல்லை 'அர்பைட்-ஸ்தாக்கெர்' என்று வெட்டியது. 'அர்பைட்ஸ்-தாக்கெர்' என்பதே சரி: வேலை, எடுப்பவர். நடுவில் வரும் 'ஸ்' நம்முடைய சாரியை மாதிரி. முன் சொல்லோடுதான் ஒட்டும். பேருந்து நிறுத்தம் இன்னும் வேடிக்கை. 'புஸ்' என்பதன் கடைசியில் இரண்டு எஸ், 'ஸ்டொப்' என்பதன் தொடக்கத்தில் ஒன்று. சேர்த்து எழுதும்போது இரண்டுதான் நிற்கும். வரி முடிவில் பிரிக்க நேர்ந்தால் மூன்றாவது எஸ் திரும்பி வந்துவிடும். புணர்ச்சி விதி படித்த நமக்கு இதெல்லாம் அந்நியமே இல்லை. மொழி மன்றத்தின் தளத்தில் இந்த விதிகளைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். அகராதியோடு சேர்த்து அதையும் வாசியுங்கள்.

ஒன்று மட்டும். விளக்கம் முழுக்க நோர்வேஜிய மொழியில்தான். போன மாதம் வந்திறங்கிய மச்சாளுக்கு இதை இப்போது கொடுக்க மாட்டேன். ஒரு வருடம் வகுப்புக்குப் போய் வரட்டும்.