ஒகேனக்கல் பாறையும் மியூனிக் புல்வெளியும்

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜுக்கு ஆண்கள் வெறும் ஜட்டியோடு பாறையில் படுத்துக் கிடப்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பத்தடி தள்ளி நைட்டிக்கு மேல் துண்டையும் போர்த்திக்கொண்டு குளித்த என் அக்காவைத்தான் ஒருவன் போனில் படம் எடுத்தான்.

ஜெர்மனியில் மியூனிக் நகரத்து இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் ஆடையில்லாமல் வெயில் காய ஒதுக்கிய இடமே இருக்கிறது. இங்கே பொது இடத்தில் ஆபாசச் செயல் என்றால் நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை.

சரி, எது பாலியல் குற்றத்தைக் குறைக்கும்? ஆடைக் கட்டுப்பாடு இல்லாத நாடுகளில் அது குறைவு என்கிறார்கள் சிலர், பெண்கள் மூடிக்கொண்டால் குறையும் என்கிறார்கள் வேறு சிலர். ஆடைக் கட்டுப்பாட்டை விட்டால் குறையும் என்பதை நான் ஏற்கவில்லை. புகார் கொடுக்கும் பழக்கமே நாட்டுக்கு நாடு வேறு, எண்ணிக்கையை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. ஆனால் மூடிக்கொண்டால் குறையும் என்பது அதைவிடப் பெரிய பொய். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று. அங்கே துணிக்கு என்ன வேலை?

மியூனிக்கில் எனக்குப் பிடித்தது நிர்வாணம் அல்ல, அடுத்தவர் உடம்பை முறைத்துப் பார்ப்பது அசிங்கம் என்கிற அந்த வழக்கம். தர்மபுரிக்கு அந்தப் புல்வெளி வேண்டாம், அந்த வழக்கம் வேண்டும். அன்றைக்கு ஈரத்துணியோடு கரையேறிய அக்கா இன்னும் அருவிப் பக்கம் வரவில்லை.